கிளாஸ் என்று ஏன் பெயர் வைக்க முடியவில்லை?

பள்ளி மாணவி ஒருத்தி பைதான் என்னும் நிரல்மொழியில் தன் முதல் மதிப்பெண் பட்டியலை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெயர், வகுப்பு, தேர்ச்சி மதிப்பெண் மூன்றையும் மூன்று மாறிகளில் போட்டுவைக்க வேண்டும். மாறி என்பது ஒரு மதிப்புக்கு நாம் ஒட்டும் பெயர்ச்சீட்டு. அவள் இப்படி எழுதுகிறாள்:

நேம் = "கயல்"
கிளாஸ் = 10
பாஸ் = 35

(ஆங்கிலச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யவேண்டும்.)

நிரலை ஓட்டினால் ஒரு வரிகூட ஓடவில்லை. இரண்டாம் வரியைச் சுட்டிக்காட்டி ‘சின்டாக்ஸ் எரர்’ (இலக்கணப் பிழை) என்கிறது பைதான். அவள் எழுத்துப்பிழை பார்க்கிறாள், மேற்கோள் குறிகளை எண்ணுகிறாள், வரியை அழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறாள். பிழை அப்படியே இருக்கிறது. யாரோ சொல்லி ‘கிளாஸ்’ என்பதை மாற்றினால், அடுத்து ‘பாஸ்’ வரியில் அதே பிழை. பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு வகுப்பையும் தேர்ச்சியையும்விட இயல்பாக வாயில் வரும் சொற்கள் எவை? அவள் செய்ததில் தவறான சிந்தனை எதுவும் இல்லை. அந்த இரண்டு சொற்களையும் பைதான் தனக்கென்று முன்பே எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பைதானுக்குக் ‘கிளாஸ்’ என்றால் புதிய வகைப் பொருள் ஒன்றை வரையறுக்கப் போகிறோம் என்று பொருள். ‘பாஸ்’ என்றால் இங்கே செய்ய ஒன்றுமில்லை, கடந்து போ என்று பொருள்.

இப்படி ஒரு மொழி தனக்கென்று ஒதுக்கிவைத்த சொற்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘சிறப்புச் சொற்கள்’ என்கின்றன. நாமாக வைக்கும் பெயர்கள் ‘குறிப்பெயர்கள்’. பெரும்பாலான வகுப்புகளில் சிறப்புச் சொற்களை ஒரு பட்டியலாகப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பெயரிடும் விதிகளையும் அப்படியே: எண்ணில் தொடங்காதே, இடைவெளி விடாதே, இடைக்கோடு போடாதே. ஏன் என்று யாரும் சொல்வதில்லை. இந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது என்பதும், அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டால் மனப்பாடமே தேவையில்லை என்பதும் என் நம்பிக்கை.

கணினி ஒரு வரியைப் படிக்கும் விதம்

நாம் எழுதும் நிரல் கணினிக்கு முதலில் வெறும் எழுத்து வரிசை. அதை இடமிருந்து வலமாகப் படித்துத் துண்டு துண்டாக நறுக்குவதுதான் முதல் வேலை. இந்தத் துண்டுகளைப் பாடநூல் ‘வில்லைகள்’ என்கிறது. பொருத்தமான சொல். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்:

இஃப் விலை > 100:

இதில் ஐந்து வில்லைகள்: இஃப், விலை, பெரிது என்னும் குறி, 100, முக்காற்புள்ளி. குறிகளையும் எண்ணையும் அடையாளம் காண்பது எளிது. ஆனால் ‘இஃப்’, ‘விலை’ இரண்டும் எழுத்துகளால் ஆன சொற்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே இனம். ஒன்று கட்டளை, மற்றது நாம் வைத்த பெயர் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? அதனிடம் ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. சொல் அந்தப் பட்டியலில் இருந்தால் அது மொழிக்குச் சொந்தம், இல்லாவிட்டால் நமக்குச் சொந்தம்.

“படியில் உட்கார்ந்து பாடத்தைப் படி” என்று அம்மா சொன்னால் எந்தப் ‘படி’ படிக்கட்டு, எந்தப் ‘படி’ கட்டளை என்று குழந்தைக்குக்கூடக் குழப்பம் வராது. சொல் நிற்கும் இடத்தை வைத்துப் பொருளைக் கண்டுபிடித்துவிடுகிறோம். கணினியையும் அப்படிக் கண்டுபிடிக்க வைக்க முடியாதா? முடியும். செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1960களில் ஐபிஎம் நிறுவனம் உருவாக்கிய பிஎல்/ஒன் என்னும் மொழியில் ஒதுக்கப்பட்ட சொல்லே கிடையாது. எந்தச் சொல்லையும் மாறியின் பெயராக வைக்கலாம். அதனால் அந்த மொழியில் இப்படி ஒரு வரி எழுதினாலும் செல்லும்:

இஃப் இஃப் = தென் தென் தென் = எல்ஸ்; எல்ஸ் எல்ஸ் = இஃப்;

‘இஃப்’ என்ற மாறியும் ‘தென்’ என்ற மாறியும் சமமாக இருந்தால், ‘தென்’ மாறியில் ‘எல்ஸ்’ மாறியின் மதிப்பைப் போடு, இல்லாவிட்டால் ‘எல்ஸ்’ மாறியில் ‘இஃப்’ மாறியின் மதிப்பைப் போடு என்று இதற்குப் பொருள். கணினி இதைச் சரியாகப் புரிந்துகொள்ளும். மனிதர்கள்தான் திணறுவார்கள். நிரலை எழுதியவரே ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் படிக்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். சிறப்புச் சொற்களை ஒதுக்கிவைப்பதில் கணினியின் வசதி பாதி, படிக்கும் மனிதரின் வசதி மீதி.

அதற்கும் முந்தியது ஃபோர்ட்ரான். 1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக வந்த அந்த மொழியிலும் ஒதுக்கப்பட்ட சொற்கள் இல்லை. போதாக்குறைக்கு இடைவெளிக்கும் மதிப்பு இல்லை. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய ‘டூ 10 ஐ = 1,10’ என்று எழுதவேண்டும். ‘ஐ’ என்னும் மாறி 1 முதல் 10 வரை ஓடும். அதில் காற்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் கைதவறிப் புள்ளி விழுந்து ‘டூ 10 ஐ = 1.10’ என்று ஆகிவிட்டால்? இடைவெளிகளைத் தள்ளிவிட்டுப் படித்தால் அது ‘டூ10ஐ = 1.10’. அதாவது ‘டூ10ஐ’ என்னும் புதிய மாறியில் 1.10 என்ற மதிப்பைப் போடு. பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் அமைதியாக ஓடித் தவறான விடையைத் தரும். ஒரு புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம். இதை அறிந்த பிறகு, ‘கிளாஸ் = 10’ என்று எழுதியவுடன் முகத்துக்கு நேரே பிழை சொல்லும் மொழிமேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

வேறு வழியில் போன மொழிகளும் உண்டு. அல்கால் 60 அச்சில் வெளியானபோது கட்டளைச் சொற்களைத் தடித்த எழுத்தில் காட்டியது. நாமிடும் பெயர்கள் சாதாரண எழுத்தில் இருக்கும். தடித்த எழுத்து இல்லாத இயந்திரங்களில் கட்டளைச் சொற்களை மேற்கோள் குறிக்குள் எழுதினார்கள். பிஎச்பி மொழி இதைத் தலைகீழாகச் செய்கிறது. அதில் மாறியின் பெயருக்கு முன்னால் எப்போதும் டாலர் குறி இருக்கவேண்டும். எனவே ‘$கிளாஸ் = 10’ என்று எழுதினால் பிஎச்பியில் எந்தச் சிக்கலும் வராது. நம் மாணவி பிஎச்பியில் தொடங்கியிருந்தால் அன்று மாலை நிம்மதியாக வீடு போயிருப்பாள்.

பைதானின் முப்பத்தைந்து

பைதான் 3.7 பதிப்பிலிருந்து அதன் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35. கோ மொழி 25 சொற்களோடு நிறுத்திக்கொண்டது. 1989இல் தரப்படுத்தப்பட்ட சி மொழியில் 32. கோபால் மொழியிலோ முந்நூறுக்கும் மேல். ‘டேட்’, ‘டைம்’, ‘கவுண்ட்’ போன்ற அன்றாடச் சொற்களெல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். அம்மொழியில் எழுதியவர்கள் பெயர்களுக்கு முன்னும் பின்னும் ஏதாவது ஒட்டியே பழகினார்கள்.

பைதானின் 35 சொற்களையும் ஒப்பிக்க வேண்டாம். ‘லாம்டா’, ‘நான்லோக்கல்’ போன்றவற்றை யாரும் தற்செயலாகப் பெயராக வைத்துவிட மாட்டார்கள். தொடக்கநிலையில் உண்மையாகக் காலை வாருபவை சில. ‘கிளாஸ்’, ‘பாஸ்’ இரண்டையும் பார்த்துவிட்டோம். மூன்றாவது ‘ஃப்ரம்’. பஸ் டிக்கெட் நிரல் எழுதும் எவரும் ஃப்ரம், டு என்று இரண்டு மாறிகள் வைக்கத்தான் பார்ப்பார்கள். ‘டு’ செல்லும், ‘ஃப்ரம்’ செல்லாது. அந்தச் சொல் வேறொரு நிரல் தொகுப்பிலிருந்து ஒன்றை வரவழைக்கப் பயன்படுவது. ‘குளோபல்’, ‘இன்’, ‘ரிட்டர்ன்’ ஆகியவையும் இந்த வகை. நூலகத்துக்கு நிரல் எழுதுபவர் திருப்பித் தந்த தேதியை ‘ரிட்டர்ன்’ என்று பெயரிட்டு மாட்டிக்கொள்வார்.

இந்த 35 சொற்களில் ட்ரூ (உண்மை), ஃபால்ஸ் (பொய்), நன் (ஒன்றுமில்லை) மூன்றும் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்குபவை. மற்ற 32ம் சிறிய எழுத்து. பைதான் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுவேறாகப் பார்ப்பதால், முதலெழுத்தைப் பெரிதாக்கிக் கிளாஸ் என்று எழுதினால் அது செல்லுபடியாகும் பெயராகிவிடும். ஆனாலும் செய்யாதீர்கள். ஓர் எழுத்தின் அளவை நம்பிப் பொருள் மாறும் நிரலை இரவில் களைப்போடு படிப்பது கொடுமை. பைதான் சமூகத்தில் நிலைபெற்றுவிட்ட வழக்கம், பெயரின் கடைசியில் ஓர் அடிக்கீறு சேர்ப்பது: ‘கிளாஸ்_’. அதைவிட நல்லது பெயரையே கொஞ்சம் நீட்டுவது. ‘பாஸ்_மார்க்’ என்று எழுதினால் பைதானுக்கும் தடையில்லை, படிப்பவருக்கும் கூடுதலாக ஒரு விவரம் கிடைக்கிறது.

ஒரு சொல் ஒதுக்கப்பட்டதா என்று ஐயம் வந்தால் பைதானையே கேட்கலாம். ‘கீவேர்ட்’ என்ற பெயரில் ஒரு தொகுப்பு அதனுடனேயே வருகிறது. அதிலுள்ள ‘கேடபிள்யூலிஸ்ட்’ முழுப் பட்டியலையும் காட்டும். சொற்களை வண்ணமிட்டுக் காட்டும் நிரல் எழுதும் மென்பொருளைப் பயன்படுத்தினால் அதுவும் தேவையில்லை. நீங்கள் வைத்த பெயர் மற்றப் பெயர்களின் நிறத்தில் இல்லாமல் தனி நிறத்தில் தெரிந்தால், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

விதிகளின் பின்னால் இருக்கும் காரணங்கள்

பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. ஏன்? வில்லை நறுக்கும் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தைப் பார்த்ததுமே கணினி முடிவு செய்கிறது: எழுத்து என்றால் வரப்போவது சொல், இலக்கம் என்றால் வரப்போவது எண். ‘2விலை’ என்று பெயரிட அனுமதித்தால் அந்த முடிவைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டும். அதோடு, எண்களுக்குள்ளேயே எழுத்துகள் வருவதுண்டு. 1, அடுத்து ஆங்கில எழுத்து ‘ஈ’, அடுத்து 5 என்று சேர்த்து எழுதினால் பைதானில் அது ஒன்றுக்குப் பின் ஐந்து சுழியங்கள், அதாவது ஒரு லட்சம். எண்ணில் தொடங்கும் பெயர்களை அனுமதித்திருந்தால் அது ஒரு லட்சமா, ஒரு மாறியின் பெயரா என்று சொல்லவே முடியாது. தமிழ் இலக்கணத்திலும் எந்தெந்த எழுத்துகள் சொல்லின் முதலில் வரும் என்று ஒரு வரையறை இருக்கிறதே, மொழிமுதல் எழுத்துகள் என்று, அதைப் படித்தவர்களுக்கு இந்த விதி அந்நியமாகத் தோன்றாது.

‘மொத்த-விலை’ என்று ஏன் எழுதக் கூடாது? பைதான் அதை ‘மொத்த’ என்பதிலிருந்து ‘விலை’யைக் கழி என்று படிக்கும். இடைக்கோடும் கழித்தல் குறியும் விசைப்பலகையில் ஒன்றுதான். கோபால் பெயர்களுக்குள் இடைக்கோட்டை அனுமதித்தது. அதற்கு விலையாக, கழித்தல் குறிக்கு இருபுறமும் இடைவெளி விட்டே ஆகவேண்டும் என்று விதித்தது. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இடைவெளி வில்லைகளைப் பிரிப்பதால் பெயருக்குள் வர முடியாது. எனவே ‘மொத்த_விலை’ என்று அடிக்கீறு போடுகிறோம். தமிழில் ‘மொத்தவிலை’ என்று சேர்த்தே எழுதிவிடலாம். சொற்களைச் சேர்த்தெழுதுவது நமக்குப் பிறவிப் பழக்கம்.

நீளத்தைப் பற்றி இன்று கவலை இல்லை. ஆனால் பழைய நிரல்களில் பெயர்கள் ஏன் அவ்வளவு சுருக்கமாக இருக்கின்றன என்ற கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. ஃபோர்ட்ரானில் ஒரு பெயருக்கு ஆறு எழுத்துகள்தான் எல்லை. ஐபிஎம் 704 ஒரே மூச்சில் கையாளக்கூடியது 36 பிட்டுகள் (0 அல்லது 1 என்னும் இலக்கங்கள்). எழுத்து ஒன்றுக்கு 6 பிட் என்றால் ஆறு எழுத்து. 1989இன் சி தரமும், வெளியிலிருந்து இணைக்கப்படும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துகளுக்கு மட்டுமே உறுதி தந்தது. ஒரு சரத்தின் (எழுத்துகளின் தொடர்) நீளத்தை அளக்கும் சி செயற்கூறுக்கு (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) ‘ஸ்டர்லென்’ என்று எழுத்துகள் உதிர்ந்த ஆறெழுத்துப் பெயர் இருப்பது இந்தச் சூழலின் அடையாளம்.

ஒதுக்கப்படாத, ஆனாலும் தொடக்கூடாத பெயர்கள்

இந்தப் பகுதியைத் தொடக்கநிலை மாணவர்கள் கவனமாகப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிறப்புச் சொல்லைப் பெயராக வைத்தால் பைதான் உடனே தடுத்துவிடும். பெரிய தீங்கில்லை. தடுக்காமல் அனுமதிக்கும் பெயர்கள்தான் ஆபத்தானவை.

மதிப்பெண்களைக் கூட்ட ஒரு மாறி வேண்டும். ‘சம் = 0’ என்று எழுதுகிறோம். பைதான் ஒன்றும் சொல்லவில்லை. ‘சம்’ ஒதுக்கப்பட்ட சொல் அல்ல. ஆனால் அது பைதானுடனேயே பிறந்த ஒரு செயற்கூறின் பெயர். எண்களின் பட்டியலைக் கொடுத்தால் கூட்டித் தரும். நாம் அந்தப் பெயர்ச்சீட்டை அதிலிருந்து உரித்துச் சுழியத்தின்மேல் ஒட்டிவிட்டோம். இருபது வரி தள்ளி, வேறொரு பட்டியலைக் கூட்ட ‘சம்(மதிப்பெண்கள்)’ என்று எழுதும்போதுதான் பிழை வெடிக்கிறது: முழு எண்ணைச் செயற்கூறுபோல் அழைக்க முடியாது என்கிறது பைதான். அந்த வரியை எத்தனை முறை பார்த்தாலும் அதில் பிழை தெரியாது. பிழை இருப்பது இருபது வரிக்கு மேலே.

வரிவரியாக ஓட்டிப்பார்க்கும் ஊடாடு முறையில் இது இன்னும் மோசம். காலையில் வைத்த ‘சம் = 0’ மாலைவரை நினைவில் இருக்கும். அந்த வரியை அழித்தாலும் பெயர் மாறியது மாறியதுதான். ‘டெல் சம்’ என்று எழுதினால் நம் மாறி நீங்கி, பழைய செயற்கூறு திரும்பிவரும். இது தெரியாமல் மென்பொருளையே நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘லிஸ்ட்’, ‘மேக்ஸ்’, ‘மின்’, ‘இன்புட்’, ‘ஐடி’, ‘டைப்’ இவை எல்லாமே இந்த வகைக் கண்ணிகள். கோப்பின் பெயரிலும் இதே கண்ணி உண்டு. ‘ரேண்டம்’ தொகுப்பைப் பழகிப் பார்க்கிறேன் என்று நம் கோப்புக்கே ‘ரேண்டம்’ என்று பெயர் வைத்தால், பைதான் தன் தொகுப்பை விட்டுவிட்டு நம் கோப்பையே எடுத்து நிற்கும்.

பைதான் 2 காலத்தில் ட்ரூ, ஃபால்ஸ்கூட இப்படிப் பாதுகாப்பில்லாமல்தான் இருந்தன. ‘ட்ரூ = ஃபால்ஸ்’ என்று எழுதி உண்மையைப் பொய்யாக்க அந்த மொழி அனுமதித்தது. 2008இல் வந்த பைதான் 3 அவற்றை ஒதுக்கப்பட்ட சொற்களாக்கி அந்த வாசலை மூடியது. அதே பதிப்பில் ‘பிரின்ட்’ எதிர்த்திசையில் நகர்ந்தது. அதுவரை சிறப்புச் சொல்லாக இருந்தது, சாதாரணச் செயற்கூறாகியது. அடைப்புக்குறி இல்லாமல் எழுதப்பட்ட பழைய நிரல்கள் புதிய பைதானில் ஓடாததற்கு அதுவே காரணம்.

புதிய சொல்லை ஒதுக்குவதன் விலை

ஒரு மொழி வளரும்போது புதிய சிறப்புச் சொற்கள் தேவைப்படும். ஆனால் உலகெங்கும் லட்சக்கணக்கான வரிகளில் அந்தச் சொல்லை யாரோ ஏற்கெனவே பெயராக வைத்திருப்பார்கள். மொழி அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளும் அன்று அவர்களுடைய நிரல்கள் எல்லாம் உடையும். 2018 ஜூனில் பைதான் 3.7 வந்தபோது ‘அசிங்க்’ என்பது முழுமையாக ஒதுக்கப்பட்டது. பின்னணியில் வேலைகளை ஓட்டப் பரவலாகப் பயன்படும் ‘செலரி’ என்ற திறந்தமூலத் தொகுப்பில் அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிரல், பைதானைப் புதுப்பித்தவுடன் சின்டாக்ஸ் எரர் என்று நின்றது. கடைசியில் கோப்பின் பெயரை ‘அசிங்க்ரனஸ்’ என்று நீட்டினார்கள். 2004இல் ஜாவா 5 ‘ஈனம்’ (‘எனுமரேஷன்’ என்பதன் சுருக்கம்) என்ற சொல்லை எடுத்துக்கொண்டபோது ஜாவா நிரலாளர்களும் இதே அனுபவத்தைப் பெற்றார்கள். அதற்கு முன் அந்தச் சுருக்கத்தை மாறிப் பெயராக வைப்பது ஜாவாவில் வெகு சாதாரணம்.

சி மொழியைப் பராமரித்தவர்கள் இதில் மிகவும் தயங்கினார்கள். உண்மை, பொய் என்ற இரு மதிப்பை மட்டும் கொள்ளும் தரவினத்தை 1999இல் சேர்க்கவேண்டி வந்தது. ‘பூல்’ என்பதே இயல்பான பெயர். ஆனால் எண்ணற்ற நிரல்களில் அப்பெயரைத் தாங்களாகவே வரையறுத்து வைத்திருந்தார்கள். எனவே முன்னால் அடிக்கீறும் பெரிய எழுத்தும் சேர்த்து ‘_பூல்’ என்று அழகில்லாத ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அடிக்கீறும் பெரிய எழுத்தும் கொண்டு தொடங்கும் பெயர்களை மொழிக்கென்று முன்பே ஒதுக்கியிருந்ததால் யாருடைய நிரலும் உடையவில்லை. வெறும் ‘பூல்’ சிறப்புச் சொல்லானது சி23 தரத்தில்தான். ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்தார்கள். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

பைதானும் பாடம் கற்றது. 2021இல் 3.10 பதிப்பில் ‘மேட்ச்’, ‘கேஸ்’ என்று இரு கட்டளைகளைச் சேர்த்தபோது அவற்றை முழுதாக ஒதுக்கவில்லை. அந்தக் கட்டளை வரவேண்டிய இடத்தில், அந்த அமைப்பில் வந்தால் மட்டுமே அவை சிறப்புச் சொற்கள். மற்ற இடங்களில் யார் வேண்டுமானாலும் பெயராக வைத்துக்கொள்ளலாம். படியில் உட்கார்ந்து படி என்பதுபோல், இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளும் முறைக்கு இந்த இரு சொற்களின் அளவில் பைதான் திரும்பியிருக்கிறது.

தமிழில் பெயர் வைத்தால்

பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது. ‘விலை = 250’ என்று எழுதினால் அப்படியே ஓடும். சிறப்புச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும். பெயர்கள் தமிழில் இருந்தால் எது மொழிக்குச் சொந்தம், எது தனக்குச் சொந்தம் என்று மாணவருக்குக் கண்ணாலேயே தெரிந்துவிடும். கற்கும் நாட்களில் இது பெரிய வரம் என்பேன். வேலைக்குப் போகும் இடத்தில் பலமொழிக்காரர்கள் சேர்ந்து எழுதுவார்கள், அங்கே ஆங்கிலப் பெயர்களே பொது.

ஆனால் எல்லா மொழிகளும் இப்படி இடம் தருவதில்லை. கோ மொழியில் ‘விலை’ செல்லாது. யூனிகோடு முறையில் ‘வி’ என்பது ஓர் எழுத்து அல்ல, ‘வ’ என்ற எழுத்தும் அதன்மேல் ஏறும் இகரக் குறியும். கோ மொழியின் விதி, பெயருக்குள் எழுத்தும் இலக்கமும் அடிக்கீறும் மட்டுமே வரலாம் என்பது. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்துகளே அல்ல. ‘பல’, ‘கட’ போன்ற அகரமேறிய சொற்கள் மட்டும் தப்பும். அவற்றையும் வெளியிலிருந்து அழைக்க முடியாது, ஏனெனில் அங்கே வெளியில் தெரியும் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும். தமிழில் பெரிய எழுத்து ஏது? விதியை வகுத்தவர்கள் எளிமையைத் தேடினார்கள் என்பது புரிகிறது. இருந்தாலும் புள்ளியும் கொம்பும் இல்லாமல் தமிழ் இல்லை. ஒரு முழு எழுத்து முறை வாசலிலேயே நிறுத்தப்படுவதை வெறும் நுட்பச் செய்தியாக என்னால் கடந்துபோக முடியவில்லை.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘ஔவை’ என்பதை ஔகாரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என்றும் எழுதிவிடலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பைதானுக்கு அவை இரண்டு வேறு மாறிகள். ‘கௌரி’, ‘கெளரி’ இரண்டுக்கும் இதே கதை. கொகரத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். பைதான் பெயர்களை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால் அங்கே சிக்கல் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் அப்படிச் செய்வதில்லை. கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் இரண்டு மாறிகள் அருகருகே வாழும்.

சிறப்புச் சொற்களும் தமிழிலேயே இருந்தால்? முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ அப்படிப்பட்ட நிரல்மொழி. அதில் திரையில் காட்டுவதற்குப் ‘பதிப்பி’, நிபந்தனைக்கு ‘ஆனால்’, ‘இல்லை’, சுழற்சிக்கு ‘வரை’, ‘ஆக’, அடுத்த சுற்றுக்குத் தாவத் ‘தொடர்’, கட்டளைத் தொகுதி முடிந்ததைக் காட்ட ‘முடி’. தமிழின் சொல்வரிசைக்கு ஏற்ப நிபந்தனை முன்னால் வந்து ‘ஆனால்’ பின்னால் வருவதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. எழிலில் ‘வகுப்பு = 10’ என்று எழுதலாம். ஆனால் கிரிக்கெட் தொடர் ஒன்றின் ஓட்டங்களைக் கணக்கிடும் சிறுவன் ‘தொடர்’ என்று பெயர் வைக்க முடியாது. முடி திருத்தும் கடைக்கு விலைப்பட்டியல் எழுதுபவர் ‘முடி = 150’ என்று எழுத முடியாது. அது மொழிக்குச் சொந்தமான சொல். அவர் ‘முடி_கட்டணம்’ என்றுதான் எழுதவேண்டும்.